ஆர்-290 இரட்டைக் கதவு கூலர்: கேஸுக்கு முழு மார்க், போர்டுக்குப் பாதி மார்க்

கண்ணாடிக் கதவு வைத்த கூலர்களில் பசுமை ஸ்டிக்கர் ஒட்டாத ஒன்றை இப்போது பார்ப்பதே அபூர்வம். ஓர் இலை, ஒரு பூமி உருண்டை, கீழே ஒரு பச்சைக் கோடு. குளிர்பதனப் பெட்டிகளைக் கழற்றி மாட்டியே காலம் தள்ளும் எனக்கு, அந்த ஸ்டிக்கரைப் பார்த்ததும் கை தானாகப் பின்பக்கத் தகட்டைத் தேடும். என்ன கேஸ், எத்தனை கிராம், எத்தனை ஆம்பியர், எந்தக் காலநிலை வகுப்பு. இவ்வளவையும் படித்துவிட்டால் ஸ்டிக்கர் சொல்வதில் எவ்வளவு நிஜம் என்று பாதி தெரிந்துவிடும். மீதியை மின்மீட்டர்தான் சொல்ல வேண்டும்.

நான் பராமரிப்புப் பார்க்கும் ஒரு கடையில் பழைய கூலரை எடுத்துவிட்டு வைத்த புதுக் கூலரைப் பற்றித்தான் இது. இரண்டு கதவு, ஏறக்குறைய 900 லிட்டர் கொள்ளளவு, ஆர்-290 கேஸ் 95 கிராம், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் வேகம் மாறும் இன்வெர்ட்டர் வகை. ஒரு முழுக் கோடை அதில் ஓடி முடிந்துவிட்டது. கம்பெனிப் பெயரை எழுதவில்லை. பெட்டி செய்பவர் ஒருவர், கம்ப்ரசர் செய்பவர் இன்னொருவர், கன்ட்ரோலர் மூன்றாமவர் என்றுதான் இந்தத் தொழிலே நடக்கிறது. இதே உறுப்புகள் பல பெயர்களில் விற்பதால், பெயரைவிட உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்வது வாங்குகிறவருக்கு உபயோகம்.

முதலில் கேஸ். ஆர்-290 என்றால் புரொப்பேன். சமையல் சிலிண்டரில் பியூட்டேனோடு கலந்து வருகிறதே, அதேதான். குளிர்பதனத்துக்கு வருவது ஈரமும் கந்தகமும் நீக்கிச் சுத்தப்படுத்தியது. ஆகையால் கூலரை இறக்கிய அன்றே கடைக்காரர் கேட்ட கேள்வி எதிர்பார்த்ததுதான்.

"அண்ணே, அடுப்பெரிக்கிற கேஸை உள்ளே வச்சு, பக்கத்துலயே கரண்டும் ஓடுதே, வெடிக்காதா?"

கேலி செய்யக் கூடாத கேள்வி. புரொப்பேன் எரியும். ஆனால் எரிவதற்குக் காற்றில் அது ஓர் அளவாவது இருக்க வேண்டும்: கன அளவில் 2.1 சதவீதம், எடையில் சொன்னால் ஒரு கன மீட்டர் காற்றுக்கு சுமார் 38 கிராம். இந்தக் கூலரில் இருப்பதே மொத்தம் 95 கிராம். 12 சதுர மீட்டர் தரையும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள ஒரு சின்ன அறையில் அத்தனையும் கசிந்து பரவினாலும் கன மீட்டருக்கு மூன்று கிராம் சொச்சம்தான் வரும். எரியும் அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே ஒரு விஷயம், புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் காற்றோட்டமில்லாத நிலவறையிலோ, நாலு பக்கமும் பலகை அடித்த மூலையிலோ இதை வைக்கவே கூடாது. கடைக்காரருக்கு முதலில் பிடித்திருந்த இடம் அப்படி ஒரு மூலைதான். அங்கிருந்து நகர்த்த வைத்துவிட்டேன். அது கேஸுக்கு மட்டுமல்ல, சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் மூச்சு விடுவதற்கும் நல்லது.

பெட்டிக்குள் பொறி கிளம்பக்கூடிய இடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கதவு திறந்தால் விசிறியை நிறுத்தும் ஸ்விட்ச், தொடுமுனை வெளியே தெரியாத காந்த வகை. விசிறி மோட்டார்கள் பிரஷ் இல்லாதவை. விளக்கு இணைப்புகள் அடைத்து மூடியவை. கேஸ் ஏற்றும் குழாயில் சிவப்பு அடையாளம், கம்ப்ரசர் மேல் மஞ்சள் முக்கோணத்தில் தீச்சுடர். இந்த இடத்தில் கஞ்சத்தனம் காட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏன் இந்தக் கேஸுக்கு வந்தார்கள் என்பது கொஞ்சம் பெரிய கதை, சுருக்கிச் சொல்கிறேன். ஆதியில் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு என்று விஷமானவையும், புரொப்பேன் போல எரிகிறவையும்தான் ஓடின. 1930 வாக்கில் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் ஆர்-12-ஐக் கொண்டுவந்தார்கள். விஷமில்லை, எரியாது. ஒரு வாய் இழுத்து மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார் மிட்ஜ்லி. உலகமே மயங்கியது. 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் அந்தக் குளோரின் வாயுக்கள் ஓசோனைத் தின்னும் என்று எழுதினார்கள். 1987-ல் அவற்றைக் கட்டுப்படுத்த மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. ஆர்-12 போய் அதன் இடத்துக்கு ஆர்-134ஏ வந்தது. ஓசோனை அது தொடவில்லை, ஆனால் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் கெட்டிக்காரன். ஒரு கிலோ ஆர்-134ஏ காற்றில் கலந்தால் நூறாண்டுக் கணக்கில் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். குளிர்கிடங்குகளில் ஓடிய ஆர்-404ஏ இன்னும் மோசம், 3,922. புரொப்பேனுக்கு இந்த எண் வெறும் 3. ஆர்-134ஏ, ஆர்-404ஏ வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-ல் கிகாலியில் உலக நாடுகள் உடன்பட்டன; 2019 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

வீட்டு ஃப்ரிட்ஜ் இந்தப் பக்கம் முன்பே வந்துவிட்டது. 1993-ல் முன்னாள் கிழக்கு ஜெர்மனிப் பகுதியின் ஃபோரோன் தொழிற்சாலை, கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்போடு சேர்ந்து ஹைட்ரோகார்பனில் (புரொப்பேன், பியூட்டேன் வகை வாயுக்களில்) ஓடும் ஃப்ரிட்ஜை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று வீட்டு ஃப்ரிட்ஜ் தகட்டில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், என்றுதான் இருக்கும். கடைக் கூலர்கள் தாமதமானதற்குக் காரணம் எடை வரம்பு. எரியும் கேஸ் ஒரு குழாய்ச் சுற்றில் 150 கிராமுக்கு மேல் கூடாது என்று இருந்தது. 2019-ல் கடைக் குளிர்பதனப் பெட்டிகளுக்கான ஐ.இ.சி. 60335-2-89 என்ற சர்வதேசத் தரநிலையைத் திருத்தியபோது, கூடுதல் பாதுகாப்பு நிபந்தனைகளோடு, புரொப்பேனுக்கு அது ஏறக்குறைய 500 கிராம் வரை உயர்ந்தது. நம் கூலர் பழைய வரம்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

பழைய கூலரில் ஆர்-134ஏ 450 கிராம் என்று தகட்டில் இருந்தது. அதே வேலையை 95 கிராமில் எப்படிச் செய்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். புரொப்பேன் ஒரு கிராம் ஆவியாகும்போது ஆர்-134ஏ-வைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பத்தை உறிஞ்சுகிறது. திரவ நிலையில் அடர்த்தியும் பாதிக்கும் குறைவு. குழாய்க்குள் அதே இடத்தை நிரப்பக் குறைந்த எடை போதும். அதோடு கண்டென்சர் குழாயையும் மெலிதாக்கி உள்ளிடத்தைச் சுருக்கியிருக்கிறார்கள்.

பழைய கூலரை அப்புறப்படுத்தும்போது கேஸைக் காற்றில் திறந்துவிடாமல், ரெகவரி மெஷின் வைத்து சிலிண்டரில் இழுத்தேன். தராசில் 310 கிராம் காட்டியது. மீதி 140 கிராம்? குழாய் இணைப்பு, ஊசி வால்வு, எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் பல வருடமாகக் கசிந்துபோனது. 140 கிராம் என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். 1,430-ஆல் பெருக்கினால் 200 கிலோ கார்பன் டை ஆக்சைடு. புதுக் கூலரின் 95 கிராமும் ஒரே நாளில் வெளியே போனால்கூட முன்னூறு கிராம் கார்பன் டை ஆக்சைடுக்குக்கூடக் கணக்கு வராது. கேஸுக்கு முழு மார்க் போட்டது இதனால்தான்.

ஆனால் கேஸோடு மதிப்பீட்டை முடித்துக்கொள்பவர்கள் பெரிய பங்கை விட்டுவிடுகிறார்கள். மின்சாரக் கணக்கைப் பாருங்கள். இரண்டு கூலருக்கும் பிளக்கில் மாட்டும் யூனிட் மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒரே கடை, ஒரே சரக்கு, ஏறக்குறைய ஒரே வெயில். பழையது ஒரு நாளைக்கு சராசரி 8.9 யூனிட். புதியது 3.7. வித்தியாசம் 5.2 யூனிட், வருடத்துக்கு 1,900 யூனிட் அருகில். உலகச் சராசரியில் ஒரு யூனிட் மின்சாரம் செய்ய அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவான கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. நிலக்கரி அதிகம் எரிக்கும் இடத்தில் இதைவிடக் கூடும், நீர்மின்சாரம் ஓடும் இடத்தில் வெகுவாகக் குறையும். சராசரியையே வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 850 கிலோ மிச்சம். பழைய கூலரின் கேஸ் 450 கிராமும் ஒரு சொட்டு விடாமல் காற்றில் கலந்திருந்தால் ஆகியிருக்கக்கூடியது 640 கிலோ சொச்சம், அதுவும் ஒரே ஒரு தடவை. மின்சாரத்தில் கிடைப்பது ஒவ்வொரு வருடமும்.

இது பிளக்கில் மாட்டி ஓடும் தனிக் கூலருக்கான கணக்கு. பெரிய அங்காடிகளில் ஒரே மெஷின் அறையிலிருந்து நீளக் குழாய் இழுத்து எல்லா ரேக்குகளுக்கும் கேஸ் அனுப்புவார்கள். அங்கே கணக்கு தலைகீழ். 100 கிலோ ஆர்-404ஏ ஓடும் அமைப்பில் வருடத்துக்கு 15 கிலோ கசிந்தாலே 59 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அங்கே முதலில் அடைக்க வேண்டியது கசிவைத்தான். அந்த அளவுக்குப் புரொப்பேனை விற்பனைக் கூடத்துக்குள் சுற்றவிட முடியாது என்பதால், கார்பன் டை ஆக்சைடையே கேஸாக வைத்து ஓட்டுகிறார்கள், ஆர்-744 என்ற பெயரில். ஆர்-134ஏ-வுக்கு 1,430 என்று சொன்னேனே, அந்த எண் இதற்கு 1. தொல்லை என்னவென்றால் 31 டிகிரிக்கு மேல் அது திரவமாக மறுக்கும். வெயில் ஏறினால் அழுத்தம் 90 பாரையும், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல சுமார் 90 மடங்கையும், தாண்டும். குழாயும் வால்வும் அதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். தனியாக எழுத வேண்டிய விஷயம் அது.

நம் கூலருக்கு வருவோம். 3.7 யூனிட் எங்கிருந்து வந்தது? முக்கியமாகக் கம்ப்ரசரிலிருந்து. பழைய வகை, ஓடினால் முழு வேகம், இல்லாவிட்டால் நிறுத்தம். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஆம்பியர் குதிக்கும், அழுத்தம் மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். புதியது நிமிடத்துக்கு 2,000 சுற்றிலிருந்து 4,500 வரை தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறது. இரவில் கதவு திறக்காத நேரத்தில் கிளாம்ப் மீட்டரை மாட்டினால் முள் அசைந்ததா என்று சந்தேகம் வரும். மெதுவாக ஓடும்போது கண்டென்சர் அளவுக்கு அதிகமாகச் சூடாகாது, உள்ளே வெப்பத்தை உறிஞ்சும் எவாப்பரேட்டர் தேவைக்கு மேல் குளிராது. அந்த இரண்டு வெப்பநிலைக்கும் இடையிலுள்ள தூரம் குறையக் குறைய கம்ப்ரசருக்கு வேலை குறையும். இந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கே இவ்வளவுதான், மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருவது.

அடுத்தது கண்ணாடி. பழைய கதவுகளில் பனி படியாமலிருக்கச் சட்டத்துக்குள் ஹீட்டர் கம்பி இருந்தது. குளிர்விக்கும் பெட்டிக்குள் நாள் முழுக்கச் சூடு! 100 வாட் ஹீட்டர் நிறுத்தாமல் ஓடினால் வருடத்துக்கு 876 யூனிட் தின்றுவிடும். அந்தச் சூட்டில் உள்ளே புகுவதை வெளியேற்றக் கம்ப்ரசர் தனியாக உழைக்க வேண்டும். புதியதில் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சோடு இரட்டைக் கண்ணாடி, நடுவில் ஆர்கான். ஹீட்டர் இல்லை. மழை பெய்து ஈரம் அதிகமான நாட்களில் கதவின் கீழ் ஓரத்தில் ஒரு விரல் உயரத்துக்கு வியர்க்கிறது, அவ்வளவுதான். துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

கேஸ்கட்டுக்கு, அதாவது கதவோர ரப்பருக்கு, வழக்கமான டார்ச் சோதனை செய்தேன். உள்ளே விளக்கை அணைத்து, டார்ச்சை எரிய வைத்து, கதவை மூடிச் சுற்றிலும் பார்ப்பது. இடது கதவின் கீல் பக்கக் கீழ் மூலையில் நூல் அளவு வெளிச்சம் கசிந்தது. கதவைக் கீலில் கொஞ்சம் தூக்கி மாட்டியதும் போய்விட்டது. தொழிற்சாலையிலிருந்து புதிதாக வந்த பெட்டியில் இந்தச் சரிசெய்தல் தேவைப்பட்டிருக்கக் கூடாது.

உள் வெப்பநிலை 4 டிகிரிக்கு வைத்தேன். மேல் தட்டில் 4.6, கீழ்த் தட்டில் 2.9. கண்ணாடிக் கூலருக்கு இது நல்ல சமம். கதவை நன்றாகத் திறந்து சரக்கு நிரப்பிய பிறகு பழையது பெருமூச்சு விட்டுக்கொண்டு மணிக்கணக்காக ஓடும்; இது வேகத்தைக் கூட்டி விரைவில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் சத்தம் உண்டு. மெல்லிய, உச்ச ஸ்தாயியில் ஒரு ரீங்காரம். கடைக்குப் பரவாயில்லை. அலுவலக அறையிலோ படுக்கும் அறைச் சுவரை ஒட்டியோ வைப்பதாக இருந்தால் யோசியுங்கள்.

கன்ட்ரோலரில் ஒரு சேமிப்பு முறை இருக்கிறது. கதவு எப்போது திறக்கிறது, வெளிச்சம் எப்போது அணைகிறது என்று சில நாள் கவனித்து, கடை மூடிய நேரத்தில் உள் வெப்பநிலையைத் தானே ஏற விட்டு, திறப்பதற்கு முன் மறுபடி குளிர்வித்துவிடும். பாட்டில்களுக்கு இது அருமை. சீக்கிரம் கெடுகிற எதையும், முக்கியமாக மருந்து எதையும், வைப்பதாக இருந்தால் இதை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அது இயங்கும் நிலையில் இருக்கிறது; கையேட்டில் அதைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இரண்டு வரி. இதைப் பெட்டியின் முகப்பிலேயே ஒட்டியிருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த அம்சம் கண்டென்சர் விசிறி. ஒவ்வொரு தடவை கம்ப்ரசர் கிளம்பும்போதும் முதலில் சில விநாடி எதிர்த் திசையில் சுற்றி, காயிலில் ஒட்டிய தூசியை வெளியே தள்ளுகிறது. பின்னால் குனிந்து கையை நீட்டினால் காற்று முகத்தில் அடித்துவிட்டுப் பிறகு திசை மாறுவது நன்றாகத் தெரியும். காய்ந்த தூசிக்கு இது போதும். எண்ணெய்ப் பிசுக்கும் நூல் பஞ்சும் சேர்ந்து படிந்தால் பிரஷ்தான் கதி.

இங்கேதான் இன்வெர்ட்டரின் ஒரு குணத்தைச் சொல்ல வேண்டும், விற்பவர் யாரும் சொல்ல மாட்டார். பழைய கூலரில் கண்டென்சர் அடைத்தாலோ கேஸ் கசிந்தாலோ உடனே தெரியும்: நிற்காமல் ஓடும், கூலிங் குறையும், கடைக்காரர் போன் செய்வார். இது அப்படியில்லை. அடைப்பு வந்தால் வேகத்தைக் கூட்டிக்கொண்டு சமாளிக்கும். டிஸ்பிளேயில் 4 டிகிரி 4 டிகிரியாகவே நிற்கும். பாட்டில் குளிர்ந்தே இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. கோடையின் நடுவில் மீட்டரைப் பார்த்தபோது நாளுக்கு 4.6 யூனிட் என்று காட்டியது. வெயில்தான் காரணம் என்று கடைக்காரர் சொன்னார். முன் கிரில்லைக் கழற்றிப் பார்த்தால் காயிலின் கீழ்ப் பாதி முழுக்க அட்டைப் பெட்டித் தூசியும் பஞ்சும் போர்வை போலப் படிந்திருந்தது. பிரஷ் போட்டுச் சுத்தம் செய்ததும், வெயில் அப்படியே இருக்க, 3.8-க்கு இறங்கியது. உடம்பில் காய்ச்சலை வைத்துக்கொண்டு வேலைக்கு வருகிற ஆள் மாதிரிதான் இந்தக் கம்ப்ரசர். விழுகிற வரை சொல்லாது. ஆகவே இன்வெர்ட்டர் கூலர் வாங்குகிறவர் ஒரு யூனிட் மீட்டரையும் சேர்த்து வாங்கி மாட்டிவிடுவது நல்லது. வாரம் ஒரு முறை எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும். கிரில்லைக் கழற்ற சாதாரண ஸ்க்ரூ டிரைவர் பத்தாது, உள்ளே நட்சத்திர வடிவ ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். கடைக்காரரே சுத்தம் செய்துகொள்ள வேண்டிய இடத்தில் ஏன் இந்தப் பூட்டு என்று எனக்குப் புரியவில்லை.

தகட்டில் உள்ள மின் நுகர்வு எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஆய்வக அறையில் எடுத்தது. ஐ.எஸ்.ஓ. 23953 தரநிலையில் காலநிலை வகுப்பு 3 என்றால் 25 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம். வகுப்பு 4 என்றால் 30 டிகிரி, 55 சதவீதம். வகுப்பு 5 என்றால் 40 டிகிரி, 40 சதவீதம். வெயிலடிக்கும் ஊரில் இருந்துகொண்டு வகுப்பு 3 எண்ணை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். இரண்டு மாடலை ஒப்பிடும்போது வகுப்பு ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். வகுப்பு வேறாக இருந்தால் அந்த எண்களை அருகருகே வைப்பதில் அர்த்தமில்லை.

சுவருக்குள் இருக்கும் ஃபோமையும் சொல்லிவிடுகிறேன். பழைய பெட்டிகளின் ஃபோமை ஊதி நிரப்பவே முன்பு சி.எஃப்.சி.-11, பிறகு எச்.சி.எஃப்.சி.-141பி போன்ற, ஓசோனைத் தின்னும் வாயுக்களைப் பயன்படுத்தினார்கள். பெட்டியை உடைத்து ஃபோமைப் பொடியாக்கினால் அது வெளியே வரும். புதியதில் ஓசோனைத் தொடாத சைக்ளோபென்டேன். சுவரும் பழையதைவிடத் தடிமன். அதனால் வெளி அளவு கொஞ்சம் பெரிது, வாசலில் நுழையுமா என்று அளந்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

சரி, மார்க் குறைத்த இடத்துக்கு வருகிறேன்.

இந்தக் கம்ப்ரசரை ஓட்டுவது அதன் பக்கத்திலேயே மாட்டியிருக்கும் ஒரு டிரைவ் போர்டு. மின்னழுத்தம் அங்குமிங்கும் போகும் இடங்களில் முதலில் போவது கம்ப்ரசர் அல்ல, இந்தப் போர்டுதான். அதைப் பிரித்துப் பார்த்தால் உறுப்புகள் மேல் கறுப்புப் பிசின் ஊற்றி மூடியிருக்கிறார்கள். ஈரமும் பொறியும் தடுக்க என்று காரணம் சொல்லலாம், நியாயமும் இருக்கலாம். ஆனால் ஒரு கெபாசிட்டர் போனால்கூட முழுப் போர்டையும் மாற்ற வேண்டும். அதுவாவது கிடைக்கிறதா என்றால், தனியாகத் தருவதில்லை, கம்ப்ரசரோடு சேர்த்து ஒரே செட்டாகத்தான் தருவார்கள் என்று சேவை மையத்தில் சொன்னார்கள். அதாவது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசரை ஒரு போர்டுக்காகக் கழற்றி எறிய வேண்டும். கம்ப்ரசரைக் கழற்ற கேஸைத் திறக்க வேண்டும், ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையரை மாற்ற வேண்டும், நைட்ரஜன் ஓட்டி, வாக்குவம் போட்டு (குழாயை வெற்றிடமாக்கி), புதிதாகச் சார்ஜ் செய்ய வேண்டும். ஒரு இரும்புக் கூடு, செம்புச் சுற்று, எண்ணெய் எல்லாம் குப்பைக்கு. கையேட்டில் வயரிங் படம்கூட இல்லை. கேட்டதற்கு, அது அங்கீகரித்த ஆட்களுக்கு மட்டும் என்று பதில்.

கார்பனைக் குறைக்கிறேன் என்று சொல்லும் பெட்டி பதினைந்து வருடம் ஓட வேண்டும். ஆறாவது வருடம் போர்டு கிடைக்காமல் பெட்டியையே தூக்கிப் போட்டால், புது உருக்கு, புதுக் கண்ணாடி, புது ஃபோம் செய்ய ஆகும் கார்பன் மறுபடி முதலிலிருந்து ஏறும். மின்சாரத்தில் சேமித்ததில் ஒரு பகுதி அங்கே கரைந்துவிடும். இதற்குப் பசுமை ஸ்டிக்கரில் இடமே இல்லை.

ரிப்பேர் விஷயத்தில் மெக்கானிக்குகளுக்கும் சில சொல்ல வேண்டியிருக்கிறது. புரொப்பேன் சுற்றில் பழைய பழக்கங்கள் செல்லாது. குழாயை நெருப்பு டார்ச் வைத்துப் பிரிக்கக் கூடாது, கட்டரால் வெட்ட வேண்டும். கேஸை வெளியேற்றி நைட்ரஜனால் அலசிய பிறகுதான் நெருப்பைப் பற்றியே நினைக்கலாம். அதைவிட, நெருப்பே இல்லாமல் அழுத்தி இணைக்கும் வளைய இணைப்புகள் மேல். கேஸை அழுத்தம் பார்த்து அடிக்கக் கூடாது, ஒரு கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்தியே ஏற்ற வேண்டும். 450 கிராமில் பத்து கிராம் கூடினால் பெட்டி பொறுத்துக்கொள்ளும். 95-ல் பத்து கிராம் என்றால் பத்து சதவீதம். ஆர்-600ஏ ஃப்ரிட்ஜில் வரும் ஒரு தலைவலி இதில் இல்லை: ஐசோபியூட்டேன் பூஜ்யத்துக்குக் கீழே 12 டிகிரியிலேயே கொதிப்பதால், ஃப்ரீசர் பக்கம் அழுத்தம் காற்றழுத்தத்துக்கும் கீழே போய், ஓட்டை இருந்தால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். புரொப்பேன் கொதிப்பது பூஜ்யத்துக்குக் கீழே 42-ல். கூலரில் எப்போதும் உள்ளிருந்து வெளியேதான் கசியும், சோப்பு நுரையில் குமிழ் விட்டுக் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று. ஆர்-134ஏ-வுக்காகச் செய்த பழைய பெட்டியில் புரொப்பேனை ஏற்றித் தருகிறேன், கரண்ட் மிச்சமாகும் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள். கூலிங் வரும். ஆனால் அந்தப் பெட்டியின் ஸ்விட்ச், தெர்மோஸ்டாட், ரிலே எல்லாம் பொறி விடுபவை. எரியும் கேஸைச் சுற்றி வைப்பதற்காகச் செய்தவை அல்ல.

பழைய கூலரை என்ன செய்வது என்று கடைக்காரருக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். "ஓடுறதுதானே அண்ணே, பின்னாடி ரூம்ல போட்டு எக்ஸ்ட்ரா சரக்கு வச்சுக்குவோம்" என்றார். ஓட விட்டால் பழைய 8.9-க்கு மேல் புதிய 3.7, ஆகமொத்தம் 12.6 யூனிட். சேமிக்க வந்தவர் முன்பைவிட அதிகம் எரிப்பார். மீட்டர் எண்ணைத் தாளில் கூட்டிக் காட்டிய பிறகுதான் விட்டுக்கொடுத்தார். கேஸை இழுத்தெடுத்த சிலிண்டர் சுத்திகரிப்புக்குப் போனது. பெட்டி, ஃபோமை முறையாகப் பிரிக்கும் இடத்துக்குப் போனது.

வாங்கலாமா? தனிக் கூலர் தேவைப்படுகிறவர், பழையது பத்து வருடத்தைத் தாண்டியிருந்தால், ஆர்-290 இன்வெர்ட்டர் வகையைத் தயங்காமல் எடுக்கலாம். பழையது மூன்று நான்கு வருடத்துக்குள் என்றால் கண்டென்சரைச் சுத்தம் செய்து, கேஸ்கட்டை மாற்றி, ஹீட்டருக்கு ஒரு ஈரப்பத ஸ்விட்ச் போட்டு, விசிறியைச் சிக்கன மோட்டாராக்கி இன்னும் ஓட்டுங்கள். எந்தக் கம்பெனியை எடுப்பது என்ற கேள்விக்கு என் பதில் ஒன்றுதான்: டிரைவ் போர்டு தனியாகக் கிடைக்குமா, எத்தனை வருடம் கிடைக்கும், வயரிங் படம் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். நான் இதே கேள்வியை இன்னொரு கடைக்காக ஒரு விற்பனையாளரிடம் கேட்டேன். "போர்டெல்லாம் போகாது சார்" என்றார். எழுதித் தரச் சொன்னேன். மேனேஜரைக் கேட்டுச் சொல்வதாக நம்பர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.